பத்து வண்டிக்கான ஒட்டு டேப்

பணிப்பெயர்: வாகனச் சுத்திகரிப்பாளர், இரண்டாம் நிலை. பணிகள்: மருத்துவமனைக்குச் சொந்தமான வாகனங்களை நாள்தோறும் கழுவுதல், துடைத்தல், உட்புறம் பெருக்குதல், மேலதிகாரி அவ்வப்போது இடும் இதர பணிகள். தகுதி: திடகாத்திரமான உடல், கைகளை முழுவதுமாக உயர்த்தும் ஆற்றல், ஈரத்தில் நெடுநேரம் நின்று வேலை செய்யும் பழக்கம். தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

இதெல்லாம் பொருந்துவதாகக் கோப்பு நம்பும் பெண்மணிக்கு வயது ஐம்பத்திரண்டு. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. சோப்புத் தண்ணீர் பட்டால் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். அவர் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று அதே மருத்துவமனையின் தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, அதே கோப்பில், பணி விவரத்துக்கு அடுத்த தாளாக இருக்கிறது. பதினோரு வருடமாக இரண்டு தாள்களும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கின்றன. ஒன்றை இன்னொன்று படித்ததாகத் தெரியவில்லை.

ஷெட்டில் அவருக்குப் பெயர் மீட்டர் அக்கா. ஷெட் என்பது மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் அறைக்கும் நடுவே, தகரம் போட்ட நீளமான இடம். பதினோரு வண்டிகள் நிற்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கே ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தார். ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தையும் மல்டிமீட்டரையும் மேஜைமேல் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். கடிதம் அன்றைக்கே ஏற்கப்பட்டது. அவர் இடம் இன்றுவரை நிரப்பப்படவில்லை.

அந்த மாதம் அக்கா இரண்டு கையிலும் கட்டோடு, இதர பணி ஏதாவது வரும் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதுவும் வரவில்லை. மீட்டர் டப்பாவுக்குள் எட்டாக மடித்த ஒரு விளக்கத்தாள் இருந்தது. பொடி எழுத்து. வேறு வேலை இல்லாததால் அதைப் படித்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். மூன்றாவது முறை படித்து முடித்த அன்று நல்ல மழை. நான்காம் நம்பர் வண்டி கிளம்ப மறுத்தது. ஆறு பேர் தள்ளுவதற்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து, கட்டுப் போட்ட விரல்களால் மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஃப்யூஸைப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். ஃப்யூஸ்தான். மழையில் வண்டி தள்ளுவதிலிருந்து ஆறு பேரைக் காப்பாற்றிய அளவுக்குப் பெரிய விஞ்ஞான சாதனை அந்த ஷெட்டில் அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. பட்டம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. பதவிதான் வரவில்லை.

அன்று முதல் அவர் ஒரு வண்டியைக்கூடச் சுத்தம் செய்ததில்லை, நான்கு நாள் நீங்கலாக. அந்த நான்கு நாளைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

காலியான அந்த எலக்ட்ரீஷியன் பதவிக்காக அவர் நான்கு முறை விண்ணப்பித்திருக்கிறார். எழுதிக் கொடுத்தவர் கணவர். கணவர் தையல்காரர், கையெழுத்து தையலைவிட நேராக இருக்கும். முதல் விண்ணப்பத்துக்கு, அப்படி ஒரு பதவியே இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, பதவி இருக்கிறது, காலி இல்லை என்று வந்தது. மூன்றாவதற்கு, காலியாக இருப்பதால் இப்போதைக்கு நிரப்புவதில்லை என்று வந்தது. நான்காவது எப்படியோ உயிர் பிழைத்து, மேலே போய், கீழே இறங்கி, ஷெட் கண்காணிப்பாளரின் மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வந்து சேர்ந்தது. அவர் ஒரு வரி பரிந்துரை எழுதினால் போதும். நிபந்தனை ஒன்றே ஒன்று: விண்ணப்பதாரரின் பெயரில் கடந்த ஓராண்டில் பணிப் பிழை எதுவும் பதிவாகியிருக்கக் கூடாது. அக்காவின் பெயரில் பணியே பதிவானதில்லை. பிழை எங்கிருந்து வரும்?

அந்த வாரம்தான் ஏழாம் நம்பர் வேன் மூன்றாவது முறையாகப் படுத்தது.

ஏழாம் நம்பரின் டிரைவருக்கு ஷெட்டில் வைத்த பெயர் சைலன்சர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பெயர் வைத்தவர்களுக்கு ஏதோ ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயது. சிறுநீரகச் சிகிச்சைக்கு வாரம் மூன்று முறை வர வேண்டியவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, முடிந்ததும் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது பத்தொன்பது வருடமாக அவர் வேலை. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்து துவண்டு வருகிறவர்களுக்கு இவர் பேச்சு தொல்லையாக இருக்கும் என்று நிர்வாகம் ஒருமுறை எச்சரித்தது. மறுநாள் அவர் வாயைத் திறக்காமல் ஓட்டினார். பாதி வழியில் பின்சீட்டிலிருந்த ஒரு பெரியவர், வண்டியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, சத்தமே வரவில்லையே என்று கவலைப்பட்டார்.

அந்த வேன் ஒரு மாதத்தில் மூன்று முறை வழியில் கிளம்பாமல் நின்றது. முதல் முறை ஒரு நோயாளியின் வீட்டு வாசலில். இரண்டாம் முறை பெட்ரோல் பங்க்கில். மூன்றாம் முறை மருத்துவமனை வாசலிலேயே, சிகிச்சை முடிந்த ஐந்து பேரை ஏற்றி உட்கார வைத்த பிறகு. அவர்கள் வெயிலில் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஓர் அம்மாவுக்கு மயக்கம் வந்து, திரும்ப உள்ளே கொண்டுபோக வேண்டியதாயிற்று.

மூன்று முறையும் கண்காணிப்பாளர் மீட்டரை வாங்கி பேட்டரியில் வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் பேட்டரி இறங்கியிருந்தது. அவர் நல்ல மனிதர். எந்த முடிவையும் இரண்டு முறை யோசித்துத்தான் எடுப்பார், இரண்டாவது முறையும் முதலில் எடுத்த முடிவையே எடுப்பார். பேட்டரி இறங்கியிருந்தால் விளக்கை அணைக்காமல் போயிருக்கிறான் என்று அர்த்தம். விளக்கை அணைக்காவிட்டால் டிரைவரின் கவனக்குறைவு. கவனக்குறைவு மூன்று முறை பதிவானால் விசாரணை. விசாரணை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதில் தவறு உறுதியானால் வண்டியிலிருந்து இறக்கிக் காவல் வேலைக்கு மாற்றுவார்கள். காவலுக்கு அப்போது காலியாக இருந்த ஒரே இடம் பிணவறை வாசல்.

சைலன்சர் புதன்கிழமை மதியம் அக்காவின் ஸ்டூலுக்கு எதிரே வந்து தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விளக்கை அணைத்தேன் என்று பெண்டாட்டி மேல், பிள்ளை மேல், கடைசியில் வேன் மேலேயே சத்தியம் செய்தார். பிணவறை வாசலில் தான் என்ன செய்ய முடியும் என்று நெடுநேரம் விவரித்தார். பிறகு மூச்சு விட்டுக்கொண்டு கேட்டார்:

"அங்க நான் யார்கிட்டக்கா பேசறது?"

அக்காவுக்கு அன்று காலையிலிருந்தே முட்டி வலி. இரண்டாம் நம்பருக்கு ஹார்ன் வரவில்லை, ஒன்பதாம் நம்பருக்கு ஹார்ன் நிற்கவில்லை. இரண்டையும் முடித்து, ஆறிப்போன டீயைக் குடிக்கலாமா கொட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தார். எழுந்து மீட்டரை எடுத்தார்.

பேட்டரியை முந்தின நாளே சார்ஜில் போட்டிருந்தார்கள். மீட்டர் 12.6 காட்டியது. குறை சொல்ல முடியாத எண். அடுத்து அவர் பேட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றி, மீட்டரை இடையில் கோத்து, எல்லாம் அணைத்திருக்கும்போது எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்த்தார். கடிகாரம் ஓடும் அளவுக்குத்தான் இருந்தது. அந்தக் கசிவில் பேட்டரி காலியாக வேண்டுமென்றால் மூன்று நான்கு மாதம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

எட்டிப் பார்க்க வந்த கண்காணிப்பாளரிடம் இதைச் சொன்னார். அது இன்றைக்கு, அன்றைக்கு விளக்கு எரிந்ததா இல்லையா என்று மீட்டர் சொல்லுமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மீட்டர் நடந்ததைச் சொல்லாது, நடப்பதைத்தான் சொல்லும். கண்காணிப்பாளரே கையோடு மீட்டரை வாங்கி, பீப் சத்தம் போடும் இடத்துக்குத் திருகி, ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை வண்டியின் உடம்பிலும் வைத்தார். பீப் என்றது. பேட்டரிக்கு மின்சாரம் திரும்பிப் போகும் வழியான எர்த் சரியாக இருக்கிறது, கோளாறு அதுவுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மீட்டரில் பிடித்த பகுதி அந்தச் சத்தம்தான்.

"பீப்னு சொல்லுதே அக்கா" என்றார் சைலன்சர், சோர்ந்துபோய்.

"அது சொல்லும். ஒத்தையடிப் பாதையிலயும் ஆள் போகலாம். லாரி போகுமா?"

அக்கா சொன்னதற்குப் பொருள் இதுதான். மீட்டர் அந்தச் சத்தத்துக்காக அனுப்பும் மின்சாரம் எறும்பு அளவு. அது போவதற்கு ஒரு மயிரிழைத் தொடுகை போதும். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் இழுப்பதோ யானை அளவு. வழி அகலமா என்று தெரிய வேண்டுமென்றால் யானையை நடக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சைலன்சரைச் சீட்டில் ஏற்றி, சொல்லும்போது சாவியைத் திருப்பு, மற்ற நேரம் வாயை மூடு என்றார் அக்கா. முதல் பாதியை அவர் ஒழுங்காகச் செய்தார்.

முதலில் மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். டக் என்று ஒரு சத்தம், பின்னால் ஒரு முனகல், அவ்வளவுதான். மீட்டர் 12.1க்கு இறங்கி அங்கேயே நின்றது. அக்கா புருவத்தைச் சுளித்தார். பேட்டரி நோஞ்சானாக இருந்தால் இந்த இடத்தில் எட்டுக்கோ ஒன்பதுக்கோ விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்குகிறவனுக்குப் போய்ச் சேரவில்லை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மோட்டார் வரை சிவப்புக் கம்பி வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்த்தார். திருப்பு. 0.2. அந்தப் பாதையில் தொல்லை இல்லை. இன்ஜினுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே வைத்தார். திருப்பு. 4.2.

"எவ்ளோக்கா?"

"நாலு."

"நல்லதா, கெட்டதா?"

"அரைக்குள்ள இருக்கணும்."

பன்னிரண்டு வோல்ட்டில் நான்கு வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்கு வரும் கம்பியைப் பார்த்தார், குற்றமில்லை. அதனால்தான் விளக்கு பளிச்சென்று எரிந்தது, ஹார்ன் ஊரைக் கூட்டியது, யாரும் எர்த்தைச் சந்தேகப்படவில்லை. உடம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் கம்பியின் இரண்டு பக்கமும் வைத்தார். அந்த நான்கும் அங்கேதான் இருந்தது.

பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக இன்ஜினுக்கு ஒரு தடித்த கம்பியைத் தற்காலிகமாகக் கோத்துவிட்டு, திருப்பு என்றார். வேன் பாதித் திருப்பிலேயே உயிர் பெற்றது. ஓடும்போது மீட்டரைப் பேட்டரியில் வைத்தார்: 14.1. கோத்த கம்பியை எடுத்தார்: 13.0. மறுபடி கோத்தார்: 14.1. சைலன்சருக்கு எண்கள் புரியவில்லை. அக்கா இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, தினமும் நீ ஓட்டும்போது பேட்டரிக்கு வர வேண்டிய சார்ஜும் இதே வழியில்தான் வந்திருக்கிறது, முழுதாக வந்து சேரவில்லை, நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும் என்று சொன்னார்.

"பானையில இருக்கு, தட்டுக்கு வரல. நீ லைட்டை அணைச்சாலும் ஒண்ணுதான், அணைக்காட்டியும் ஒண்ணுதான்."

சைலன்சர் சீட்டிலிருந்து குதித்து இறங்கினார். அவர் முகத்தில் ஒரு மாதமாகக் காணாத ஒளி. நேராகக் கண்காணிப்பாளரிடம், அங்கிருந்து சலவைக்கூடத்துக்கு, அங்கிருந்து உலகத்துக்கே சொல்லப் போகிறவர்போல நின்றார். கொஞ்சம் பொறு, அந்த போல்ட்டைப் பார்த்துவிடுகிறேன் என்றார் அக்கா.

இன்ஜினை அணைத்து, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வேனுக்கு அடியில் போனார். ஐம்பத்திரண்டு வயதில் போவது சுலபம், வருவதுதான் கஷ்டம். டார்ச்சை அடித்தார். பின்னல் கம்பியின் முனை, வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தது. சட்டம் கன்னங்கரேலென்று பளபளத்தது. போல்ட்டைக் கழற்றினார். முனை உட்காரும் இடத்திலும் அதே கறுப்பு, அதே பளபளப்பு. இரும்பே தெரியவில்லை. மின்சாரம் இவ்வளவு நாளும் போல்ட்டின் திருகு மரை வழியாக ஒண்டிக்கொண்டு போய் வந்திருக்கிறது.

பெயிண்டின் கோடுகள் இடமிருந்து வலமாகக் கீழே சரிந்திருந்தன. வலது கைக்காரர்கள் அந்த இடத்தில் அப்படி இழுக்க முடியாது. வலது தோள் எழும்பாமல் இடது கையால் பிரஷ் பிடிக்கிறவரின் கோடு அது. போல்ட் துளையின் விளிம்பைக்கூட விடாமல் சுற்றிலும் வழித்து அடித்திருந்தது. அப்படி ஒரு பொறுப்பான ஆள் அந்த ஷெட்டில் ஒருவர்தான் உண்டு.

அந்த நான்கு நாள்.

மூன்று மாதத்துக்கு முன், மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. வண்டிகள் கிளம்புகின்றனவா என்று அவர்கள் பார்க்கமாட்டார்கள், பளபளக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அடிச்சட்டம் முதற்கொண்டு கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. பெயிண்ட் என்பது தண்ணீர் இல்லை, ஆகவே தோல் மருத்துவரின் சீட்டு இதைத் தடுக்காது, சுத்திகரிப்புப் பிரிவின் வேலைதான் என்று கண்காணிப்பாளர் யோசித்து, மறுபடியும் யோசித்து முடிவெடுத்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அக்கா தன் பதவிக்குரிய வேலையைச் செய்தார். ஒவ்வொரு வண்டியிலும் எர்த் முனையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் ஒட்டு டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டி, சுற்றிலும் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் டேப்பை உரித்து, கம்பியை மாட்டினார். சாதாரணப் பெயிண்டர் இதைச் செய்யமாட்டார். மீட்டர் பிடித்த ஆள் மட்டுமே செய்வார். பத்து வண்டி இப்படி முடிந்தது. வரிசையில் கடைசியாக நின்றது ஏழாம் நம்பர். டேப் தீர்ந்துவிட்டது. ஸ்டோருக்கு நடக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. காய்ந்ததும் சுரண்டிக்கொள்ளலாம் என்று அப்படியே அடித்தார். மறுநாள் காலை வந்ததும் மூன்றாம் நம்பர் கிளம்பவில்லை என்று கூப்பிட்டார்கள். மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். மதியம் திரும்பி வந்தபோது ஏழாம் நம்பரில் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் சுரண்டாமலே எடுத்து மாட்டினார்.

எலக்ட்ரீஷியன் வேலைக்காக ஓடிய ஓட்டத்தில் சுத்திகரிப்பாளர் செய்த பிழை. இரண்டு பேரும் அவர்தான்.

பலகையை நகர்த்திக்கொண்டு வெளியே வந்தார். சைலன்சர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, என்னக்கா காரணம் என்று கேட்டார். எர்த் பிடிக்கவில்லை என்றார் அக்கா. ஏன் பிடிக்கவில்லை என்றார் அவர்.

"நாளைக்குச் சொல்றேன். இப்போ யார்கிட்டயும் எதுவும் சொல்லாத தம்பி."

சைலன்சர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சரி என்ற ஒரே வார்த்தையோடு போய்விட்டார். ஷெட்டில் அது ஒரு சாதனை, பதிவாகவில்லை.

வீடு இரண்டு அறை. முன்னறையில் கணவரின் தையல் மெஷின், பின்னறையில் மற்ற எல்லாம். மாலையில் அக்கா வந்தபோது கணவர் யாருடைய பேண்ட்டையோ இடுப்பில் பிரித்துக்கொண்டிருந்தார். போன வருடம் சுருக்கியதை இந்த வருடம் விரித்துத் தருகிறார், அதே ஆளுக்கு. அக்கா துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். அன்று நிறைய வார்த்தைகளைக் கேட்டிருந்தார்.

கணவர் ஊசியை நிறுத்தவில்லை. நாலு விண்ணப்பம் எழுதின கை இது, என்றார் பொதுவாக. இன்னொரு தையலைப் பிரித்துவிட்டு, சுரண்டிவிட்டாயா என்று கேட்டார். இல்லை, பழுதுச்சீட்டு எழுதாமல் கை வைக்கக் கூடாது என்றார் அக்கா. சுரண்டிவிட்டுத் துரு என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள் என்றார் அவர். துரு கடவுள் செயல் மாதிரி, யார் மேலும் விழாது.

"விழும். வாராவாரம் துரு பார்த்துக் கையெழுத்துப் போடறது டிரைவர். துருன்னு எழுதினா அவன் தலையிலதான் விடியும்."

கணவர் பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, பெயிண்ட் என்று எழுது, யார் அடித்தது என்று எழுதாதே என்றார். அடித்தவர் கையெழுத்து பெயிண்ட் நோட்டில் இருக்கிறது, அரை நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார் அக்கா. அந்த அரை நாளை அவர்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்காதே என்றார் கணவர். இதற்கு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கணவருக்கும் வந்தது.

"உனக்கு அந்த வேலைமேல ஆசை போயிடுச்சா?" என்று கேட்டார் அவர்.

"ஆசை இருக்கு. சலிப்பா இருக்கு, அவ்ளோதான். அந்த அம்மா மயங்கி விழுந்தாங்கல்ல."

கணவர் பேண்ட்டை மடித்து வைத்தார். ஐந்தாவது விண்ணப்பத்துக்குத் தாள் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல மெஷின் இழுப்பறையைத் திறந்தார், எதையும் எடுக்காமல் மூடினார்.

வியாழக்கிழமை காலை அக்கா கண்காணிப்பாளரைக் கூட்டிக்கொண்டு போய் நான்கு வோல்ட்டைக் காட்டினார். பீப் சத்தம் ஏமாற்றிய விதத்தையும் மரியாதையாக விளக்கினார். கண்காணிப்பாளர் இந்த முறை ஒரே தடவைதான் யோசித்தார். அவருக்குள் ஒரு நிம்மதி. சைலன்சரை இறக்கிவிட்டு வேறு டிரைவரைத் தேடுவது அவருக்கும் தலைவலிதான். அதைவிட, அக்காவின் விண்ணப்பத்தில் பரிந்துரை எழுதுவது என்று முந்தின நாளே முடிவு செய்து, பேனாவைக்கூட அதன்மேல் வைத்திருந்தார். காலியிடம் நிரம்பினால் அவருக்கும் நல்ல பெயர். வேனுக்கு அடியில் குனிந்து பார்க்க அவர் வயிறு இடம் கொடுக்கவில்லை. குனியாமலே சொன்னார்:

"துருதானே? துருன்னு போட்டு முடிச்சிடுங்க."

"துரு பார்க்கறது யார் வேலை சார்?"

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். எதிரே சைலன்சர் வேன் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

அக்கா பழுதுச்சீட்டு நோட்டைக் கண்காணிப்பாளரின் மேஜைக்கு எடுத்துப்போனார். கண்ணாடிக் குண்டுக்கு அடியில் விண்ணப்பம் தெரிந்தது, கணவரின் கையெழுத்து நேராக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடம் பண்ணிக்கொண்டு எழுதினார். எழுதும்போது கண்காணிப்பாளர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். பாதியில், இதை நீங்கள் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். அக்கா தலையாட்டிவிட்டு மீதியையும் எழுதினார். கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக் குண்டை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணை நான்கு நிமிடத்தில் முடிந்தது. சைலன்சர் அதற்காகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு நாற்பது நிமிடம். அதை அன்று மாலை ஐந்து நோயாளிகள் முழுதாகக் கேட்டார்கள். அக்காவின் விண்ணப்பம் அடுத்த வாரம் திரும்பி வந்தது. ஓரத்தில், பணிப் பிழை பதிவாகியுள்ளதால் பரிந்துரைக்க இயலவில்லை, ஓராண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. கோப்பில் முதல்முறையாக அவர் செய்த ஒரு பணி பதிவானது, பிழையாக. தோல் மருத்துவரின் சீட்டுக்கு மேலே அதைச் செருகினார்கள். மறுநாள் காலை எட்டாம் நம்பர் கிளம்பவில்லை என்று அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஸ்டூலிலிருந்து எழுந்து, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு போனார்.

அந்த வியாழக்கிழமை அவர் செய்தது இவ்வளவுதான். பழுதுச்சீட்டில், ஏழாம் நம்பர் வேனின் எர்த் முனைக்கு அடியில் பெயிண்ட், அடித்தது நான், டிரைவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு வேனுக்கு அடியில் படுத்து, உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை அந்த இடத்தைத் தேய்த்து, கம்பியை மாட்டி முறுக்கினார். சாவியைத் திருப்பச் சொல்லி அளந்தார். 0.1 காட்டியது. அதையும் சீட்டில் எழுதினார்.